கண்ண மூடினாலும் மூளை கணக்கு போட்டுக்கிட்டே இருக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மூளையும் ஞாபகமும் பத்தி எழுதினப்போ, நம்ம எப்படி வழி தெரிஞ்சு நடக்குறோம்னு ஒரு வரி சும்மா தொட்டுட்டு போயிட்டேன். அந்த ஒரு வரிய புடிச்சுக்கிட்டு இத்தன கேள்வி வரும்னு நெனக்கல. இந்த வாரம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன், ஏன்னா எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இது.

கேள்வி: அக்கா, நடு ராத்திரில லைட் போடாமலே எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு திரும்ப கட்டிலுக்கு வந்து படுத்துக்குறேன், எதுலயும் முட்டிக்கிறதில்ல. கண்ணே தெரியாதப்ப நான் எங்க இருக்கேன்னு மூளைக்கு எப்படி தெரியுது? (கல்லூரி மாணவர் ஒருத்தர்)

தம்பி, இந்த கேள்விக்குள்ளயே பாதி பதில் இருக்கு. நீ எங்க இருக்கேன்னு உன் மூளைக்கு நேரடியா சொல்ற உறுப்பு எதுவுமே கிடையாது. கண்ணு இருக்கு, ஆனா நீ சொல்ற மாதிரி இருட்டுல அது உதவாது. அப்புறம் என்னதான் பண்ணுது மூளைன்னா, கணக்கு போடுது. கட்டில்லேர்ந்து எறங்கினப்போ எங்க இருந்தேன்னு தெரியும், அதுக்கப்புறம் எவ்ளோ வேகத்துல எவ்ளோ நேரம் நடந்தேன், நடுவுல தலய எந்த பக்கம் எவ்ளோ திருப்பினேன், இந்த ரெண்டையும் விடாம கூட்டிக்கிட்டே வந்தா இப்ப எங்க இருக்கேன்னு வந்துடும். அந்த காலத்துல நடுக்கடல்ல கப்பல் ஓட்டுனவங்க இதையேதான் பண்ணாங்க, கரை தெரியாது, ஆனா கிளம்பின எடம் தெரியும், போற திசை தெரியும், வேகம் தெரியும், அத வச்சு மேப்புல புள்ளி வச்சுக்கிட்டே போவாங்க.

இது வெறும் உவமை இல்லப்பா, இந்த கணக்குல வர்ற ஒவ்வொரு அளவுக்கும் மூளைல தனித்தனியா செல்கள் இருக்கு, எலிகளோட மூளைக்குள்ள முடிய விட மெல்லிசான கம்பிய வச்சு, ஒவ்வொரு செல்லும் எப்ப மின் துடிப்பு அனுப்புதுன்னு கேட்டுப் பாத்துருக்காங்க. 1971-ல ஜான் ஓ'கீஃபும் ஜொனாதன் டாஸ்ட்ரோவ்ஸ்கியும், ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ்ங்கிற மூளைப் பகுதில, எலி ஒரு குறிப்பிட்ட எடத்துக்கு வந்தா மட்டும் துடிக்கிற செல்ல கண்டுபுடிச்சாங்க, அதுதான் ப்ளேஸ் செல். 1984-ல ஜேம்ஸ் ரேங்க், தல எந்த பக்கம் பாக்குதுன்னு சொல்ற திசை செல்ல கண்டுபுடிச்சாரு. 2005-ல நார்வேல மே பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழு, தரை முழுக்க முக்கோண முக்கோணமா கோலப் புள்ளி வச்ச மாதிரி ஒழுங்கான எடங்கள்ல துடிக்கிற க்ரிட் செல்ல கண்டுபுடிச்சாங்க. ஓ'கீஃபுக்கும் மோசர் ரெண்டு பேருக்கும் 2014-ல நோபல் பரிசு கெடச்சது.

ஆனா இந்த பெரிய பேரு எல்லாத்துக்கும் அடியில ஒரு கேள்வி இருக்கு, எடத்த சொல்ற செல் இருக்கு சரி, எலி நகர்ந்தா அந்த செல் மாறணுமே, மாறணும்னு அதுக்கு யாரு சொல்றா? அங்கதான் தல திரும்புற வேகத்தையும் நடக்குற வேகத்தையும் அளக்குற செல்கள் வருது. எடம்ங்கிறது விடைன்னா வேகம்தான் அந்த கணக்குல உள்ள போற எண்ணு. இந்த வாரம் நான் சொல்லப் போறது முக்கியமா இவங்கள பத்திதான், ஏன்னா நோபல் செய்தில இவங்க பேரு அவ்ளோவா அடிபடல.

கேள்வி: திசை செல்னு சொல்றீங்களே மேடம், அது திசைகாட்டி மாதிரி வடக்க காட்டுமா? நமக்குள்ள காந்தம் எதாவது இருக்கா? (பள்ளி ஆசிரியை ஒருத்தர்)

இல்லங்க, வடக்கு தெற்கு அதுக்கு தெரியாது. ஒரு திசை செல்ல எடுத்துக்கோங்க, எலி அந்த அறைக்குள்ள எங்க நின்னாலும் சரி, ஓடினாலும் சும்மா நின்னாலும் சரி, அதோட தல ஒரு குறிப்பிட்ட பக்கம் பாத்தா அந்த செல் படபடன்னு துடிக்கும், சில செல் செகண்டுக்கு 100 தடவைக்கு மேல கூட. தலய அந்த பக்கத்துலேர்ந்து திருப்ப திருப்ப துடிப்பு கொறஞ்சுக்கிட்டே போய் அடங்கிடும். பக்கத்து செல்லுக்கு வேற பக்கம் புடிக்கும். இப்படி எல்லா திசைக்கும் ஆளு இருக்கு. ஒடம்பு எந்த பக்கம் இருக்குங்கிறது முக்கியமில்ல, தல எந்த பக்கம்ங்கிறதுதான் கணக்கு.

ஜெஃப்ரி டாப், ராபர்ட் முல்லர், ரேங்க் மூணு பேரும் 1990-ல வெளியிட்ட ஆய்வுல ஒரு வட்டமான அடைப்புக்குள்ள எலிய விட்டு, சுவத்துல ஒரே ஒரு அட்டைய மட்டும் ஒட்டி வச்சாங்க. அந்த அட்டைய 90 டிகிரி நகர்த்தி ஒட்டினா, செல்லுக்கு புடிச்ச திசையும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு நகர்ந்துடுச்சு. பூமி நகரல, வடக்கு நகரல, அட்டைதான் நகர்ந்துச்சு. ஆக மூளை தனக்குன்னு ஒரு திசைய எடுத்துக்குது, அத கண்ணுல படுற அடையாளத்தோட கட்டிப் போட்டு வச்சுக்குது. இன்னொண்ணு, ஒரு செல் நகர்ந்தா எல்லா செல்லும் சேந்து அதே அளவுக்கு நகரும், ஒண்ணு மட்டும் தனியா ஓடாது.

இத நீங்களே அனுபவிச்சிருப்பீங்க, ஆனா இதுக்குத்தான்னு தெரிஞ்சிருக்காது. ரயில்ல தூங்கிட்டு கண்ண முழிச்சா வண்டி வந்த பக்கமே திரும்பி போற மாதிரி இருக்கும் பாருங்க. எனக்கு ஒரு தடவ அப்படி ஆச்சு, ஜன்னல்ல பாத்தா எல்லாம் தலைகீழா இருக்கு, வண்டி சரியாத்தான் போகுதுன்னு புத்திக்கு தெரியுது, ஆனா மனசு ஒத்துக்கவே இல்ல. அப்புறம் எறங்க வேண்டிய ஸ்டேஷன் நெருங்கி, எப்பவும் பாக்குற தண்ணி தொட்டி கண்ணுல பட்டுச்சு, சட்டுன்னு உள்ளுக்குள்ள ஒரு சுத்து சுத்தி எல்லாம் எடத்துக்கு வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. பாதி பாதியா சரியாகல, மொத்தமா ஒரே வீச்சுல. அத நெனச்சா எனக்கு அந்த அட்டை சோதனைதான் ஞாபகம் வரும்.

கேள்வி: தல எவ்ளோ வேகமா திரும்புதுன்னு மூளைக்கு யாரு சொல்றாங்க? ரொம்ப நேரம் சுத்திட்டு நின்னா உலகமே சுத்துதே, அப்ப கணக்கு தப்புதானே? (பேர் போட வேண்டாம்னு கேட்ட வாசகர்)

ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே எடத்துல இருக்கு, காதுக்குள்ள. உள்காதுல ஒவ்வொரு பக்கமும் மூணு அரைவட்டக் குழாய் இருக்கு, ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா மூணு திசைல, அதனால தல எப்படி திரும்பினாலும் எதாவது ஒண்ணுல தெரிஞ்சுடும். குழாய்க்குள்ள திரவம் நெறஞ்சிருக்கு. தலய திருப்புனா குழாய் தலையோட சேந்து திரும்பிடும், ஆனா திரவம் கொஞ்சம் பின்தங்கும், கையில இருக்குற டம்ளர சட்டுன்னு திருகுனா உள்ள தண்ணி அப்படியே நிக்குமே அந்த மாதிரி. பின்தங்குற திரவம் நடுவுல இருக்குற ஜெல்லி மாதிரி தடுப்ப தள்ளும், அந்த தடுப்புக்குள்ள நீட்டிக்கிட்டிருக்குற நுண்ணிய மயிர்கள் வளையும், அது வளையுறதுதான் நரம்பு வழியா மூளைக்கு போற செய்தி. எவ்ளோ வேகமா திரும்புறோமோ அவ்ளோ வளையும்.

இப்ப நீங்க கேட்ட உலகம் சுத்துற விஷயம். ரொம்ப நேரம் ஒரே வேகத்துல சுத்திக்கிட்டே இருந்தா திரவமும் மெதுவா குழாயோட வேகத்துக்கு வந்துடும், தடுப்பு நிமிந்துடும், நீங்க சுத்துறதே காதுக்கு தெரியாது. திடீர்னு நின்னீங்கன்னா குழாய் நின்னுடும், திரவம் நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கும், தடுப்பு இப்ப எதிர்ப்பக்கம் வளையும், மூளை அத நம்பி நீங்க எதிர்ப்பக்கம் சுத்துறதா கணக்கு போடும். மூளை மேல தப்பு சொல்ல முடியாது, வந்த எண்ணு தப்பு, அத வச்சு சரியா கூட்டுது.

காதுலேர்ந்து போற செய்தி மூளைத்தண்டுக்கு போய், அங்கேர்ந்து படிப்படியா மேல ஏறுது. வழியில இருக்குற ஒரு நிறுத்தத்துலதான் திருப்ப வேகத்துக்கான செல்கள் நெறய இருக்கு. இதுல ரெண்டு ஜாதி. ஒரு ஜாதி எந்த பக்கம் திரும்பினாலும் வேகத்துக்கு ஏத்த மாதிரி துடிக்கும், பக்கம் அதுக்கு முக்கியமில்ல. இன்னொரு ஜாதி இடப்பக்கம் திரும்பினா ஏறும், வலப்பக்கம் திரும்பினா எறங்கும், சிலது இதுக்கு நேரெதிர். இந்த செய்தி அப்புறம் மூளை நடுவுல இருக்குற தலாமஸ்ங்கிற பகுதி வழியா போய் திசை செல்கள நகர்த்துது. உள்காத அடிச்சுப் போட்டுட்டா எலியோட திசை செல்கள் திசை சொல்றதயே விட்டுடுதுன்னு 1997-ல காட்டுனாங்க, கண்ணு நல்லா தெரிஞ்சும் கூட. அடையாளம் தெரியுது, ஆனா அடையாளத்த எதுல கட்டுறது?

நகர்த்துதுன்னா எப்படின்னு கேப்பீங்க. திசை செல்கள் எல்லாத்தையும் மனசுல ஒரு வட்டமா உக்கார வச்சுப் பாருங்க, எந்த நேரத்துலயும் ஒரே ஒரு எடத்துல மட்டும் கூட்டம் எரியுது, அந்த வெளிச்சம்தான் இப்ப தல பாக்குற திசை. இடப்பக்கம் திரும்பினா இடப்பக்க செல்கள் அந்த வெளிச்சத்த ஒரு பக்கம் தள்ளும், வலப்பக்கம்னா மறுபக்கம், வேகமா திரும்பினா வேகமா தள்ளும், நிறுத்திட்டா வெளிச்சம் இருந்த எடத்துலயே நிக்கும். ரொம்ப வருஷமா இது காகிதத்துல இருந்த ஒரு யோசனைதான். 2015-ல யோஹன்னஸ் சீலிக்கும் விவேக் ஜெயராமனும் பழ ஈயோட மூளைல இத கண்ணாலயே பாத்தாங்க. அந்த ஈக்கு மூளை நடுவுல நெசமாவே வளையம் மாதிரி ஒரு பகுதி இருக்கு. ஈய ஒரு பந்து மேல நடக்க விட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா, அது திரும்ப திரும்ப வளையத்துல வெளிச்சம் கடிகார முள்ளு மாதிரி சுத்துது, இருட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா தப்பு சேந்துக்கிட்டே சுத்துது. ரெண்டு வருஷம் கழிச்சு, அந்த வெளிச்சத்த இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுற செல்களையும் கண்டுபுடிச்சாங்க. ஒரு கணக்குப் படம் அப்படியே உயிரோட ஒரு ஈ தலைக்குள்ள இருந்தத முதல்ல படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல.

கேள்வி: சரி, திரும்புறது காதுல தெரியுது. நேரா நடக்குற வேகம் எப்படி தெரியுது? நடக்குறதுக்கும் வண்டில உக்காந்து போறதுக்கும் மூளைக்கு வித்தியாசம் தெரியுமா? (ஓட்டுநர் ஒருத்தர்)

அருமையான கேள்வி சார், தெரியும். முதல்ல ஸ்பீட் செல் கதைய சொல்லிடுறேன். அதே மோசர் குழு 2015-ல ஒரு வேல பண்ணாங்க, ஒரு நீளமான பாதைல ஓடுற ஒரு சின்ன வண்டி செஞ்சாங்க, அதுக்கு அடிப்பாகமே கிடையாது. எலி உள்ள நிக்கும், ஆனா கால் தரைல இருக்கும், வண்டிய மோட்டார் ஓட்டும், எலி வண்டியோட வேகத்துக்கு தன் கால்ல ஓடியே ஆகணும். எலி எவ்ளோ வேகத்துல ஓடணும்ங்கிறது இப்ப ஆராய்ச்சியாளர் கையில. என்டோரைனல் கார்டெக்ஸ்னு ஒரு பகுதி, க்ரிட் செல்கள் இருக்குற அதே எடம், அங்க ஒரு வகை செல் வேகம் ஏற ஏற நேர்கோட்டுல துடிப்ப ஏத்திக்கிட்டே போச்சு. எலி எங்க இருக்கு, எந்த பக்கம் பாக்குது எதுவும் அதுக்கு வேண்டாம். வெளிச்சத்த அணைச்சாலும் அதே கதைதான், வேற அறைக்கு மாத்தினாலும் அதே கதைதான். காரோட வேகமானி எந்த ரோட்டுல போனாலும் ஒரே மாதிரி காட்டுறதில்லையா, அப்படி.

வேகத்த மூளை எதுலேர்ந்து எடுக்குதுன்னா ஒரே எடத்துலேர்ந்து இல்ல. காலுக்கு மூளை அனுப்புற கட்டளையோட நகல், தசையும் மூட்டும் திருப்பி அனுப்புற செய்தி, கண்ணுக்கு முன்னாடி காட்சி பின்னோக்கி ஓடுற வேகம், உள்காதுல வேகம் கூடுறது கொறயுறத சொல்ற இன்னொரு உறுப்பு, எல்லாம் சேந்து. நீங்க வண்டில உக்காந்து போறப்போ இதுல கால் சொல்ற பங்கு மொத்தமா இல்ல. எலிய பொம்ம காருல ஏத்திப் பாத்த ஒரு ஆய்வு 2005-ல வந்துச்சு, தானா நடக்குறப்போ சின்னதா தெளிவா இருந்த ப்ளேஸ் செல்லோட எடம், வண்டில போறப்போ பெருசா பரந்து போச்சு. எலி கடந்து போன தூரம் கொறஞ்ச மாதிரி, மூளைக்குள்ள மேப்பு மெதுவா நகர்ந்துச்சு. ஓட்டுறவங்களுக்கு கண்ணும் ஸ்டியரிங் கையும் இருக்கு, பின்னாடி சீட்ல போன பாத்துக்கிட்டே வர்றவங்களுக்கு அதுவும் இல்ல, அதனாலதான் பத்து தடவ போன எடத்துக்கு அவங்க தனியா போக திணறுறாங்கன்னு எனக்கு தோணும்.

காலோட பங்கு எவ்ளோ பெருசுன்னு காட்டுறதுக்கு ஒரு எறும்பு கதை இருக்கு, எனக்கு எத்தன தடவ சொன்னாலும் அலுக்காது. பாலைவனத்து எறும்பு கூட்டுலேர்ந்து வளைஞ்சு வளைஞ்சு தேடிப் போய், எர கெடச்சதும் நேர்கோட்டுல கூட்டுக்கு திரும்பும். 2006-ல ஒரு ஜெர்மன், சுவிஸ் குழு எறும்பு கூட்டுலேர்ந்து 10 மீட்டர் நடந்து தீனி கிட்ட வந்ததும் அத புடிச்சு, சில எறும்புக்கு பன்றி முடியால பொய்க்கால் ஒட்டி காலை நீளமாக்குனாங்க, சிலதுக்கு காலை குட்டையாக்குனாங்க. திரும்பி வர்றப்போ நீளக்கால் எறும்பு கூட்டயும் தாண்டி, தீனி இருந்த எடத்துலேர்ந்து 15 மீட்டர் கிட்ட போய் நின்னு தேடுச்சு, குட்டக்கால் எறும்பு 6 மீட்டர்லயே நின்னு தேடுச்சு. அதே எறும்புங்கள கூட்டுக்குள்ள விட்டு, மாறின காலோடயே போயிட்டு வர வச்சா கணக்கு சரியா வந்துச்சு. ஆக அது அடிய ஏதோ ஒரு வகைல எண்ணியிருக்கு.

கேள்வி: திரும்புறதும் நடக்குறதும் ரெண்டும் தனித்தனி செல்லா? ஒண்ணா சேராதா?

சேரும். 2022-ல டேவிடே ஸ்பல்லா, அலெஸ்ஸாண்ட்ரோ ட்ரெவெஸ், ஷார்லட் பொக்காரா மூணு பேரும் என்டோரைனல் கார்டெக்ஸயும் பக்கத்துல இருக்குற ரெண்டு பகுதியையும் அலசிப் பாத்தாங்க. ரெண்டு வேகத்தையும் சொல்ற செல்கள் கிட்டத்தட்ட எல்லா எடத்துலயும் பரவலா இருந்துச்சு, ஒரு அடுக்க தவிர. அதுல நெறய செல் ஒரே வேல மட்டும் பாக்கல, வேகத்தோட சேத்து எடத்தையோ திசையையோ சொல்லுது. இது ஏன் முக்கியம்னா, வெளிச்சத்த தள்ளுறதுக்கு இப்ப வெளிச்சம் எங்க இருக்கு, எந்த பக்கம் எவ்ளோ தள்ளணும் ரெண்டும் ஒரே செல்லுக்கு தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா எத தள்ளுறது?

கேள்வி: தூங்கும்போது இந்த திசை செல் எல்லாம் ஓய்வா?

இல்ல. 2015-ல அட்ரியன் பெய்ராஷ், ஜியார்ஜி புஸாகி குழு சுண்டெலி தூங்கும்போது அதோட திசை செல்கள கேட்டுப் பாத்தாங்க. ஆழ்ந்த தூக்கத்துல அந்த வெளிச்சம் முழிச்சிருக்குறப்போ நகர்றத விட சுமார் 10 மடங்கு வேகமா நகருது, கனவு வர்ற தூக்கத்துல முழிச்சிருக்குறப்போ நகர்ற அதே வேகத்துல நகருது. தல தலையணைல கெடக்கு, உள்ள திசை திரும்பிக்கிட்டே இருக்கு.

கேள்வி: மேடம், அப்பாவுக்கு 70 வயசு தாண்டிடுச்சு. பழகின தெருவுலயே சில நேரம் எந்த பக்கம் திரும்பணும்னு நின்னுடுறார். நாங்க கவனக்குறைவுன்னு நெனச்சோம். பயப்படணுமா? (மகள் ஒருத்தர்)

பயப்படாதம்மா, ஆனா தள்ளிப் போடாத. ஒடனே ஒரு நரம்பியல் டாக்டர் கிட்ட கூட்டிட்டு போ. அல்சைமர் நோய் மூளைல ஆரம்பத்துலயே தொடுற எடங்கள்ல என்டோரைனல் கார்டெக்ஸ் ஒண்ணு, நான் இவ்ளோ நேரம் சொன்ன அதே எடம். அதனாலதான் சிலருக்கு பேரு மறக்குறதோட சேந்தோ, அதுக்கு முன்னாடியோ கூட வழி தடுமாற ஆரம்பிக்குது. ஆனா வழி தடுமாறுற எல்லாருக்கும் அல்சைமர் கிடையாது, உள்காது கோளாறா இருக்கலாம், கண்ணா இருக்கலாம், பி12 கொறவா இருக்கலாம், சாப்புடுற மாத்திரையா இருக்கலாம், இதுல பலத சரி பண்ண முடியும், அதுக்காகவே சீக்கிரம் போகணும். போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் குறிச்சு வச்சுக்கோ, எங்க நிக்கிறார், புது எடத்துலயா பழகின எடத்துலயா, நிக்கும்போது தல சுத்துதுன்னு சொல்றாரா இல்லையா. டாக்டருக்கு இது ரொம்ப உதவும். இன்னொண்ணு கேட்டுக்குறேன், அந்த நேரத்துல அவர அவசரப்படுத்தாத, கூட நின்னு ஒரு கடையோ மரமோ காட்டி இதுக்கு பக்கத்துலதானேப்பான்னு சொல்லிப் பாரு. உள்ள கணக்கு நழுவினவங்களுக்கு வெளிய இருக்குற அடையாளம்தான் கைப்புடி.

கேள்வி: இத வீட்லயே சோதிச்சுப் பாக்க முடியுமா அக்கா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி)

முடியும்டா, ஆனா பக்கத்துல ஒரு பெரியவங்க இருக்கணும், தரைல சாமான் இருக்கக்கூடாது. தரைல ஒரு சாக்பீஸ் புள்ளி வை, அதுல நில்லு, கண்ண கட்டிக்கோ. நேரா அஞ்சு அடி நட, இடப்பக்கம் திரும்பு, மறுபடி அஞ்சு அடி நட, இப்ப கண்ண தெறக்காம கிளம்பின புள்ளிக்கு நேரா நடந்து வந்து நில்லு. எவ்ளோ தள்ளி நிக்கிறேன்னு ஸ்கேல் வச்சு அளந்து எழுது. அப்புறம் அதே மாதிரி பத்து திருப்பம் வச்சு நடந்துட்டு திரும்பி வா. தப்பு பெருசாகியிருக்கும், ஏன்னா ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு சின்ன பெசகு சேருது, அழிக்கிறதுக்கு கண்ணு இல்ல. 2009-ல ஜெர்மனில ஒரு குழு கண்ண கட்டி நேரா நடங்கன்னு ஆளுங்கள விட்டாங்க, நேராத்தான் போறோம்னு நெனச்சுக்கிட்டே சில நேரம் 20 மீட்டர் விட்டம் கூட இல்லாத வட்டத்துல சுத்தினாங்க. காட்டுல கண்ண கட்டாம விட்டாங்க, சூரியன் தெரிஞ்ச நாள்ல நேரா நடந்தாங்க, மேகம் மூடின நாள்ல திரும்ப திரும்ப தன்னோட பழைய பாதையவே குறுக்க கடந்தாங்க, அது அவங்களுக்கே தெரியல.

மூணாவது தடவ நடக்குறப்போ ஒண்ணு மட்டும் மாத்திப் பாரு, பாதி வழியில ஒரே ஒரு செகண்ட் கண்ணத் தெறந்து சுவத்துல இருக்குற காலண்டர பாத்துட்டு மறுபடி மூடிக்கோ. அப்புறம் எவ்ளோ தள்ளி நின்னேன்னு அளந்து எனக்கு எழுது, மூணு எண்ணையும் எழுது.